நடுக்கடலில் எல்லாரும் அப்பா ஆன நாள்

மரியாதைக்கும் ஒரு இடம் உண்டு பிள்ளைகளா. அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது உங்கள் ஜெசிந்தா அத்தைக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்கு.

திரேஸ்புரத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர்களுக்கு ஊர்ச் செய்தி அனுப்ப ஒரு மெயிலிங் லிஸ்ட் வைத்திருந்தோம். நடுக்கடலில் போன் எடுக்காது; கப்பல் மெயிலில் வெறும் எழுத்து மட்டும் போகும். லிஸ்ட் என் பொறுப்பு. (பத்தாம் வகுப்பும் டைப்பிங்கும்தான் தகுதி.)

அன்று காலை, சும்மா இராமல் லிஸ்டின் கான்ஃபிகரேஷன் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். ஒரே குப்பை எழுத்து. நடுநடுவே ஆட்களின் பெயரும் முகவரியும். எல்லார் பெயரும் இங்கிலீஷில் மொட்டையாக நின்றது. மனசு கேட்கவில்லை. அழித்துவிட்டுத் தமிழில் 'அண்ணாச்சி' சேர்த்து அடித்து சேவ் செய்தேன். பக்கத்திலேயே பழைய நகல் ஒன்று இருந்தது. அதில் மட்டும் மரியாதை குறையலாமா? அதையும் திருத்தினேன்.

லிஸ்ட் செத்துப்போனது.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை பேசினாள். "அண்ணே, பொம்பளப்பிள்ள! அவியளுக்கு ஒடனே சொல்லிரு. போவும்போது அழுதுக்கிட்டே போனாவ."

அத்தையின் வீட்டுக்காரர் சகாயம் மாமா அப்போதுதான் கப்பல் மாறியிருந்தார். புது முகவரி அந்த ஃபைலில் மட்டும்தான். திறந்தால், தமிழ் ஏறாத அந்த ஃபைலில் பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி! மீனில் முள் எடுப்பதுபோல முகவரிகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவினேன். எல்லாம் கப்பல் பெயர்கள். இதில் மாமா எது?

"கப்பல் பேரு என்னளா?"

"வாயில நொழையாத பேருண்ணே. பச்சக் கலரு."

வேறு வழி? எல்லாருக்கும் அனுப்பினேன்: 'மச்சான், உமக்கு மக பொறந்திருக்கா. உம்ம ஜாடை அப்படியே. சீக்கிரம் வாரும்.'

பதில்கள் வந்தன.

'எனக்குக் கல்யாணமே ஆவல அண்ணாச்சி. இருந்தாலும் ரொம்ப சந்தோசம்.'

'ஏலே, எனக்கு வயசு அம்பத்தெட்டு. வீட்டுல என்னல நடக்கு?'

ஒருவர் எழுதியிருந்தார்: 'இது எனக்கு வந்த சேதி இல்லன்னு தெரியும். ரெண்டு தடவ படிச்சேன். எங்க வீட்டுல இருந்து ஏதும் உண்டுமா?' சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் அவர்கள் சொல்லச் சொல்ல அடித்து அனுப்பினேன்.

மாமாவின் பதில்தான் கடைசி. 'கண்ணு முழிச்சுப் பாக்காளா?' அவ்வளவுதான். அதை அத்தையின் போனுக்கு அனுப்பினேன்; அவள் அந்த போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தபடி இருந்தாள்.

அதன்பிறகு லீவில் வந்த கப்பல்காரர்களெல்லாம் "எங்க மவ எங்க?" என்று சாக்லேட்டோடு அத்தை வீட்டுப் படியேறினார்கள். அத்தைக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினார். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சாக்லேட்ட அங்கன வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி!"

இப்போதும் லீவில் வந்தால் மாமா படியிலேயே நிற்பார். அத்தை அந்த 'சாக்லேட்ட அங்கன வச்சிட்டு'வைச் சொன்னால்தான் உள்ளே வருவார். அத்தை சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். ஒரு தடவைகூட முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.