கோடு தாண்டாத கபடி

இல்லங்க, பூவரசன் துரோகின்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. நடந்ததைக் கேளுங்க.

தென்வாசல், வடவாசல்னு ரெண்டு நாடு. நடுவுல ஒரே ஏரி. வருசா வருசம் கபடி நடக்கும். ஜெயிக்கிற நாட்டுப் பக்கத்து மதகு மட்டும்தான் திறக்கும். பூவரசன் ஆடுன வரைக்கும் தென்வாசலுக்குத் தண்ணிக் கவலையே இல்ல. ஆனா ஆளு அலட்டிக்க மாட்டான். தோத்தவனுக்குக் கை குடுத்துத் தூக்கிவிட்டுட்டு நேரா நாத்து நடப் போயிருவான்.

அதுதான் தென்வாசல் மாமந்திரி கம்பீரநாதருக்கு உறுத்துச்சு. "பணிவு நம் கண்ணில் பட வேண்டும்"னு ஒரு சட்டம் போட்டாரு. ரைடு போறவன் ஒவ்வொரு தடவையும் அவரு நாற்காலி முன்னாடி நெடுஞ்சாண்கிடையா விழணும். விழுந்து எந்திரிக்கிறதுக்குள்ள ரைடு டைம் முடிஞ்சிரும்ல? தோத்தாச்சு. மதகு மூடியாச்சு. பழி யாரு மேல? பூவரசன் சரியா விழலையாம், டீம்ல இருந்தே தூக்கிட்டாங்க!

வடவாசல் கூப்பிட்டுச்சு. பூவரசன் தென்வாசல் பனியனைத் தொவைச்சு மடிச்சு கேப்டன் காத்தவராயன் கையில குடுத்தான்.

"ஆடாம இருக்க முடியலண்ணே."

"போடா, நல்லா ஆடு. என்னைப் பிடிச்சா மட்டும் பாத்துப் பிடி, முட்டி சரியில்ல."

மாமந்திரி விடுவாரா? அடுத்த சட்டம்: "நடுக்கோட்டைத் தாண்டுபவன் துரோகி."

காத்தவராயன் தலையில கை வச்சுட்டாரு. "கோடு தாண்டாம எப்படிங்கய்யா கபடி?"

"விசுவாசமாக."

"எதிராளியைத் தொடணுமேய்யா!"

"அவன் வந்து தொட்டுக்கொள்ளட்டும்."

சத்தியமா, ஏழு பேரும் சொந்தப் பக்கத்துலயே நின்னு "கபடி கபடி"ன்னு மூச்சு வாங்குனாங்க. வந்து தொட்டது பூவரசன். ஒவ்வொருத்தரா வெளிய போறப்ப அவன் மொகத்தைப் பாக்கவே முடியல. தென்வாசல் மதகு அந்த வருசமும் திறக்கல. தென்வாசல் வயலெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு.

மேடையில அவனுக்கு மாலை போட வந்தாங்க. "மாலை வேணாங்க. தென்வாசல் மதகைப் பாதியாவது திறங்க, அங்க பயிரு சாகுது"ன்னான். வடவாசல் சனமே கைதட்டுச்சுங்க!

அப்ப அந்த மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கிட்டு ஒருத்தர் ஏறுனாரு. கம்பீரநாதர்! காலையிலதான் வடவாசல்ல சேந்தாராம், "தென்வாசல் மக்களின் நலன் கருதி." சேந்த கையோட விசுவாசத்துறை மந்திரி. மைக்கைப் பிடிச்சு மொத ஆணை என்ன தெரியுமா? "எதிரி நாட்டுக்குத் தண்ணீர் கேட்ட இவன் துரோகி. இனி ஆடக் கூடாது."

பூவரசன் அந்தப் பனியனையும் கழட்டி மடிச்சு மேடையில வச்சான். ஒரு மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு தென்வாசல் மதகைப் பாத்து நடந்தான். காத்தவராயன் நொண்டிக்கிட்டே நடுக்கோட்டைத் தாண்டி அவன் பின்னாடி போனாரு. மிச்சப் பேரு கம்பீரநாதரையும் மதகையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

நீங்க சொல்லுங்க, அங்க நின்னிருந்தா எந்தப் பக்கம் நடந்திருப்பீங்க?