வெயிலூரில் ஒரு நிழல் போர்ஷன்

ஒரு காட்டில் வெயில் என்பது அவசரக்கார விருந்தாளி மாதிரி. எப்போதாவது வரும். வந்தாலும் உட்காராது. அந்தப் பக்கம் ஒரு ஜோலி இருக்கிறது என்பதுபோல மலைக்குப் பின்னால் நழுவிவிடும். மற்ற நேரமெல்லாம் மழை. மழை இல்லாவிட்டால் மூடுபனி. அதுவும் இல்லாவிட்டால் மரத்திலிருந்து சொட்டுகிற நேற்றைய மழை.

அந்தக் காட்டில் சடையாண்டி என்றொரு கரடி, பெண்டாட்டி பூவாயியோடு குகை எடுத்துக் குடியிருந்தான். புற்று உடைப்பதுதான் அவன் தொழில். வாயைக் குவித்து ஓர் ஊது ஊதினால் புற்றுமண் பறக்கும். அடுத்து ஓர் உறிஞ்சு. அதோடு அந்தக் கறையான் வம்சம் முடிந்தது. வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பூவாயியின் நெஞ்சில்தான் இருந்தது. பனி இறங்கியதும் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். போன பனிக்காலத்தில் அவள் மூச்சு விட்ட சத்தத்தைக் கேட்டு, யாரோ மரம் அறுக்கிறார்கள் என்று முள்ளம்பன்றி வனத்துறையில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டது.

ஆந்தை வைத்தியர் வேரும் பட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் இறக்கையை விரித்துவிட்டார்.

"இது மருந்துக்கு அடங்காதும்மா. நாலு மாசம் நல்ல வெயில்ல உக்காந்தா தானா அடங்கும். ஆனா வெயிலை நான் எங்க போயி அரைச்சுத் தர்றது?"

சடையாண்டி அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். அடுத்த பனி இறங்குமுன் பூவாயியை எப்படியாவது வெயில் இருக்கிற ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மரநாய் ஒருவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் போனோடு காட்டுக்குள் வந்தான். வெயிலூரில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். வருஷம் முழுக்க வெயில், மழை என்றால் என்ன என்று குழந்தைகள் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஊர் என்றான். சம்பளம் எவ்வளவு என்று சடையாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டான். மாசம் பன்னிரண்டு தேனடை என்றான் மரநாய். கூடி நின்ற கூட்டம் நாக்கைச் சப்புக்கொட்டியது. அந்தக் காட்டில் ஒரு தேனடை எடுப்பதற்குள் மூக்கு பலாப்பழம் ஆகிவிடும்.

மரநாயின் போனிலேயே நேர்காணல் நடந்தது. சிக்னலுக்காகச் சடையாண்டி மரத்தின் உச்சாணிக் கொம்பில் ஏறித் தொங்கினான். அந்தப் பக்கம் மானேஜர் கழுதைப்புலி. எதைச் சொன்னாலும் சிரிக்கிற பிறவி. என்ன வேலை தெரியும் என்று கேட்டார். ஊதத் தெரியும் என்று சொல்லி, சடையாண்டி ஓர் ஊது ஊதிக் காட்டினான். பக்கத்து மரத்துக் கூடு இரண்டு கீழே விழுந்தது. மானேஜருக்கு ரொம்பத் திருப்தி. வெயிலூர் ஆபீசில் அதிகாரிகளுக்குப் பின்னால் நின்று காற்று ஊதுவதற்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். குளிர்காற்றுப் பிரிவு உதவி அலுவலர் என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

"உங்க பலவீனம் என்னன்னு சொல்லுங்க" என்றார் மானேஜர் கடைசியாக.

"தேனைக் கண்டா கணக்கு மறந்துரும்ங்க."

மானேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை உறுதியாகிவிட்டது.

முதலில் தான் போய் இடம் பார்ப்பது, பிறகு பூவாயியைக் கூட்டிக்கொள்வது என்று பேசிக்கொண்டு சடையாண்டி பஸ் ஏறினான். வெயிலூர் எல்லையிலேயே பெரிதாகப் பலகை வைத்திருந்தார்கள்: இங்கே வெயில் இலவசம். இறங்கியதும் நடுரோட்டில் மல்லாந்து படுத்து, நாலு காலையும் விரித்துக் காய்ந்தான். இந்த ஊர் ஜனங்கள் ஏன் இப்படி மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று அவனுக்கு ஆச்சரியம். சாயங்காலத்துக்குள் புரிந்துவிட்டது. முடியெல்லாம் கம்பளிபோலப் புகைந்தது. ஒதுங்க இடம் தேடினால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை. ஊரின் பெருமையே வெயில்தானே, அதற்குக் குறுக்கே நிற்கிறது என்று மரத்தையெல்லாம் எப்போதோ வெட்டிவிட்டார்களாம்.

மொட்டை மைதானத்தில் ஒரு யானை நின்றிருந்தார். அம்பாரிநாதர் என்று பெயர். அவர் வேலைக்குப் போவதில்லை. நிற்பார். அவ்வளவுதான். அவருடைய நிழலில் முப்பது குடித்தனம் இருந்தது. வயிற்று நிழல் குடும்பங்களுக்கு. காதுப் பக்கம் காற்றோட்டமான இடம், அதிகாரிகள் மட்டும் எடுப்பார்கள். தும்பிக்கை நிழல் மலிவு, ஆனால் அவர் முதுகு சொறியும்போது சாமானைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

"கல்யாணம் ஆச்சா தம்பி?" என்று கேட்டார் அம்பாரிநாதர்.

"ஆச்சுங்கய்யா. ஊர்ல இருக்கா."

"இங்க இல்லேல்ல? அப்ப நீ பேச்சிலர். உனக்கு வால் பக்கம்தான். கறையான் சாப்பிடுவியா?"

"இல்லீங்கய்யா, சுத்த சைவம்" என்று சடையாண்டி எச்சிலை விழுங்கிக்கொண்டு பொய் சொன்னான்.

பத்து மாச அட்வான்ஸ் கேட்டார். இவன் கையைப் பிசைந்தான். சரி, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்று பெரிய மனசு பண்ணினார். இடம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நிழல் முகவரி இல்லாதவனை ஆபீசில் சேர்க்க மாட்டார்கள். ஆபீசில் சேராதவனுக்கு நிழல் கொடுக்க மாட்டார்கள்.

வால் நிழல் என்பது ஒரு கோடு. அதில் சடையாண்டியின் ஒரு கால் கொள்ளும், மற்றதெல்லாம் வெளியே. வெயில் நகர நகர நிழலும் நகரும். காலையில் மேற்கே இருந்த வீடு சாயங்காலம் கிழக்கே இருக்கும். உச்சிவேளையில் எல்லாக் குடித்தனமும் வயிற்றுக்கடியில் நெருக்கியடித்து நிற்கும். அதற்குத் தனியாக நெரிசல் கட்டணம். இதில் கூத்து என்னவென்றால், பகல் முழுக்கச் சடையாண்டி ஆபீசில் ஊதிக்கொண்டிருப்பான். ராத்திரி நிழலே கிடையாது. கொடுத்த வாடகைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காலை நீட்டுவான், அதுவும் ஒரு காலை.

முதல் மாசம் பன்னிரண்டு அடை என்று கையெழுத்துப் போட்டான். கையில் வந்தது ஐந்து. மரநாய்க்குத் தரகு போயிற்று, வெயில் பராமரிப்பு என்று எதையோ பிடித்தார்கள், அவன் ஊதியபோது தானும் கொஞ்சம் காற்று வாங்கினான் என்று அதற்கும் பிடித்தார்கள். அந்த ஐந்திலும் வாடகையும் அட்வான்ஸ் தவணையும் போக ஒன்று மிச்சம். அது உருகி ரோட்டில் ஓடியது.

பூவாயி தினமும் போனில் கேட்பாள். இடம் பார்த்தாயிற்றா, ஜன்னல் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவசரப்பட்டு ஏமாறக்கூடாது பார் என்பான். குடும்ப நிழலுக்கு வாடகை எட்டு அடை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஊரில் எல்லோரிடமும் பன்னிரண்டு என்று சொல்லி, அவள் நாத்தனார்கள் முன் நிமிர்ந்து நடந்துகொண்டிருக்கிறாள். ஒரு நாள் துணிந்து மானேஜரிடம் சம்பளம் கூட்டிக் கேட்டான். அவர் சிரித்தார். சிரித்து முடித்து, அவனை முதுநிலை அலுவலர் ஆக்கினார். வேலையில் மாற்றம், இனி இரண்டு பேருக்கு ஊத வேண்டும். சம்பளம் அதேதான்.

கரடி மெலிந்துகொண்டே வந்தான். ஊதி ஊதிக் கன்னம் மட்டும்தான் கரடிக் கன்னமாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. காட்டில் முதல் பனி இறங்கிய அன்று பூவாயி போன் செய்தாள். பேச்சுக்கு நடுவில் மரம் அறுக்கிற சத்தம் கேட்டது.

"ஏங்க, ஆரம்பிச்சிருச்சு. நான் பஸ் ஏறிட்டேன்."

அவன் அடுத்த வார்த்தை பேசுமுன் சிக்னல் போய்விட்டது.

மறுநாள் காலை அவள் வந்து இறங்கினாள். பனிக்காலத்துக்கு முன்னால் எந்தக் கரடியும் நன்றாகத் தின்று உடம்பேற்றிக்கொள்ளும். பூவாயி கொஞ்சம் கூடவே ஏற்றியிருந்தாள். பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியதும் பஸ் ஓர் அடி உயர்ந்தது. கணவனைப் பார்த்தவள், யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாள். அவன் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

"என்னங்க இது, பன்னெண்டு அடை வாங்குற ஒடம்பா இது?"

வாலின் கீழே இருந்த கோட்டைக் காட்டி, இதுதான் நம் வீடு என்றான். பூவாயி கோட்டைப் பார்த்தாள், தன்னைப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் அம்பாரிநாதர் குரல் கொடுத்துவிட்டார். இது பேச்சிலர் போர்ஷன், பெண்டுபிள்ளைகள் தங்கக்கூடாது, எட்டு அடை வைத்தால் வயிற்றுப் பக்கம் வரலாம், இல்லையென்றால் உச்சிக்குள் அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பிவிடு என்றார். சடையாண்டி அவர் காலைப் பிடித்தான். பிடித்த காலே ஒரு வீட்டு அகலம் இருந்தது. அடுத்த மாசம் தந்துவிடுகிறேன் என்றான், திருப்பி அனுப்பினால் பனியில் அவள் மூச்சு நின்றுவிடும் என்று அழுதான். யானை காதை ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"எழுந்திரிங்க" என்றாள் பூவாயி. "எனக்கு நெழல் எதுக்கு? நான் வெயிலுக்குத்தானே வந்தேன்."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நட்ட நடுவுக்குப் போய்த் தனியாக நின்றாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஒரு நாள் போகாவிட்டால் மூன்று நாள் சம்பளம் பிடிப்பார்கள். சடையாண்டி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அன்றைக்கு அவன் ஊதியது பெருமூச்சுதான். மானேஜர், காற்று இன்று வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று குறைப்பட்டார்.

பூவாயியோ கண்ணை மூடி நின்றாள். பிறந்த நாள் முதல் ஈரத்தில் ஊறிய உடம்பு அது. ஒரு நாழிகை போனதும் ரோமத்திலிருந்து ஆவி கிளம்பியது. அடுத்த நாழிகை நெஞ்சுக்குள் அறுத்துக்கொண்டிருந்த வாள் ஓய்ந்தது. மூச்சு தடையில்லாமல் போய் வந்தது. இவ்வளவு சுகமா மூச்சு விடுவது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒரு முயல், பெண்டாட்டி, ஐந்தாறு குட்டிகள். அவளுடைய நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, வாடகை எவ்வளவுன்னு சொல்லவே இல்லியே" என்றது முயல்.

பூவாயி திரும்பித் தன் நிழலை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள். வெயிலே இல்லாத காட்டில் பிறந்தவளுக்கு இப்படி ஒன்று தன்னோடு இருப்பது தெரியாமலே போய்விட்டது. அங்கே யானை எவ்வளவு வாங்குகிறார் என்று நிதானமாக விசாரித்தாள். ஓர் அடை குறைத்துச் சொன்னாள்.

சாயங்காலம் சடையாண்டி ஓடிவந்தபோது அவனால் மைதானத்துக்குள் நுழைய முடியவில்லை. கீரி, அணில், உடும்பு, ஒரு வாத்துக் குடும்பம் என்று கிழக்கே நீண்ட நிழல் முழுக்கக் குடித்தனம். அம்பாரிநாதரின் வயிற்றுப் பக்கம் காலியாகிக் கிடந்தது. பூவாயி கன்னம் மின்ன நின்றிருந்தாள், காலடியில் தேனடை அடுக்கியிருந்தது. அவன் ஒரு மாசம் ஊதிச் சம்பாதிப்பதை அவள் ஒரு பகல் மூச்சு விட்டுச் சம்பாதித்திருந்தாள்.

அப்போது தரை அதிர அம்பாரிநாதர் வந்தார். போச்சு, சண்டைதான் என்று சடையாண்டி அவள் முன்னால் போய் நின்றான். காற்றடித்தால் அவனே பறந்துவிடுவான் போலிருந்தது. யானை அவனைத் தும்பிக்கையால் மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பூவாயிக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"அம்மா, நாம போட்டி போட்டுக் கொறைச்சா ரெண்டு பேருக்கும் நட்டம். நிழலுடையார் சங்கத்துல சேந்துருங்க. அடுத்த மாசத்துலருந்து சேந்தே ஏத்திடலாம்."

பூவாயி கொஞ்சம் யோசித்து, செயலாளர் பதவி தருவதானால் சேர்கிறேன் என்றாள். தந்தார்கள். வாடகை ஏறியது. குடித்தனக்காரர்கள் முணுமுணுத்தபோது, வெயில் இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்று அவளே எல்லைப் பலகையைக் காட்டிப் பேசினாள்.

பனிக்காலம் முழுக்க அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சடையாண்டிக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். யானையின் வாலைக் காலி செய்துவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி நிழலுக்கு வந்து சேர்ந்தான். அவள் அருமையான இடமாக, தன் தோளின் நிழலை அவனுக்கு ஒதுக்கியிருந்தாள். அட்வான்ஸ் என்று அவன் விளையாட்டாக ஆரம்பித்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"என்ன பேச்சுங்க இது? கட்டின புருசன்கிட்டப் போயி நான் அட்வான்ஸ் வாங்குவேனா?"

வாடகையைப் பற்றி அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதிதான் சொன்னாள்.

நீதி: விலைவாசி ஏறிய ஊருக்குச் சம்பளம் வாங்குகிறவனாகப் போகாதே, சம்பளம் வாங்குகிறவன் வந்து ஒதுங்குகிற இடமாகப் போ. அது முடியாதவர்கள் அப்படி ஓர் இடத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒழுங்காக வேலைக்குப் போய்வரவும்.