மீன்கள் போட்ட ஓட்டு

இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளாவது என் விருப்பப்படி இருக்க வேண்டும் என்று போன திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம். திரைச்சீலை, சுவர் நிறம், நான் போட்டிருக்கும் சட்டை எல்லாம் மனைவியின் தேர்வு. ஒன்றுகூடச் சோடை போனதில்லை. அதுதான் என் வருத்தமே.

மீன் தொட்டி மட்டும் என்னுடையது. மூன்று அடி நீளம், எட்டுத் தங்கமீன்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் தடுப்பு மாதிரி நிற்கிறது. பின்பக்கம் வெறும் கண்ணாடி. அந்தப் பக்கம் யார் நடந்தாலும் மீன்கள் மிரண்டு மூலையில் ஒண்டிக்கொள்ளும். ஒரு வாரமாகச் சரியாகத் தின்னவில்லை. பின்னால் எதையாவது ஒட்டி மறையுங்கள் என்றார் மீன் கடைக்காரர்.

பவளப்பாறைப் படம் ஒன்று வாங்கி வந்தேன். சிவப்பு, மஞ்சள், ஊதா, நடுவில் ஓர் ஆமை.

"என்னங்க இது, பிறந்தநாள் கேக்கை நசுக்கி ஒட்டின மாதிரி இருக்கு?"

"கடலுக்கு அடியில இப்படித்தான் இருக்கும்."

"போய்ப் பாத்தீங்களா?"

"கடைக்காரர் சொன்னாரு."

"அவர் போனாரா?"

நான் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

"கறுப்புத் தாள் ஒட்டுங்க. மீனோட நிறம் எடுப்பாத் தெரியும்."

"இது என் தொட்டி. நான்தான் முடிவு பண்ணுவேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் கோபப்படவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரிங்க. உள்ள இருக்கப்போறது நீங்களும் இல்ல, நானும் இல்ல. மீனையே கேட்டுடலாம். இடது பாதி உங்க படம், வலது பாதி கறுப்பு. நாலு நாள், மூணு வேளை, எந்தப் பக்கம் எத்தனைன்னு நீங்களே எண்ணுங்க. உங்க எண்ணிக்கைமேல எனக்குச் சந்தேகமே கிடையாது."

கிடங்கில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவன் நான். உருகிப்போனேன். உட்கார்ந்து எண்ண எனக்கு நாற்காலியும் கொண்டுவந்து போட்டாள், மெத்தையோடு.

கண்ணாடியில் மூக்கு முட்ட உட்கார்ந்து, ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை சரிபார்த்து நோட்டில் எழுதினேன். முதல் நாள் மூன்று வேளையும் படம் பூஜ்யம், கறுப்பு எட்டு. இரண்டாம் நாளும் அப்படியே. அன்று மதியம் யாருக்கும் தெரியாமல் படத்துப் பக்கம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். தீனி ஊறி மூழ்கியது. ஒரு மீனும் வரவில்லை.

"வாக்காளருக்கு விருந்தாங்க?" என்றாள், சமையலறையிலிருந்து திரும்பாமலே.

மூன்றாம் நாள் காலை, ஏழாவது வேளைக் கணக்கை எழுதியதும் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்து வலது கோடிக்குச் சறுக்கியது. அங்கே போய் எடுத்து நிமிர்ந்தேன். எட்டு மீனும் இடது பக்கம் ஓடிவிட்டன. அப்போதுதான் புரிந்தது. நாற்காலி இருந்தது படத்துப் பக்கம். அவை மிரண்டது என் முகத்துக்கு.

"நாற்காலியை ஏன் இந்தப் பக்கம் போட்டே?"

"அங்கதான் வெளிச்சம் நல்லா விழுது. உங்க கண்ணுக்காகத்தான்."

குற்றம் சொல்ல இடமே இல்லை. நான் எண்ணும்போது என் மூக்கு எங்கே போய் நிற்கும் என்பதை இவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருக்கிறாளே என்று மனதுக்குள் கைதட்டினேன். தட்டிவிட்டு நாற்காலியை வலது கோடிக்கு மாற்றினேன். மதியம் படம் எட்டு, கறுப்பு பூஜ்யம்.

"பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணு கேக்கட்டுமா? மீன் படத்தைப் பாத்து வந்துச்சா, உங்களைப் பாத்து ஓடுச்சா?"

பொய்க் கணக்கு எழுதிப் பழக்கமில்லை. "என்னைப் பாத்து ஓடுச்சு."

"அப்ப இதுவரைக்கும் எண்ணினது?"

"செல்லாது."

எட்டு வரியையும் நானே கோடு போட்டு அடித்தேன்.

"மீன் கண்ணுல படாத இடத்துல நீங்க உக்காருங்க. நான் தள்ளி நின்னு எண்ணிச் சொல்றேன். நோட்டு உங்க கையிலயே இருக்கட்டும்."

இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. சமையலறையில் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்க வேண்டாமே என்று வெங்காயமும் கத்தியும் தந்தாள்.

"கறுப்பு ஏழு, படம் ஒண்ணு. எழுதிட்டீங்களா?"

"அந்த ஒண்ணு எது?"

"வால் கிழிஞ்சது. பாவம், உங்க ஆறுதலுக்காகப் போயிருக்கு."

மீதி வேளைகளும் அப்படியே போயின. படத்தைப் பிரித்து, கறுப்புத் தாளை அளந்து, ஓரம் பிசகாமல் ஒட்டினேன். ஒட்டிய அன்றே எட்டும் மேலே வந்து தின்றன. கறுப்புக்கு முன்னால் ஒவ்வொன்றும் தணல் மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பக்கத்து வீட்டம்மாவும் அப்படியே நின்றார். "அற்புதமா இருக்கே. யாரு தேர்வு?"

"எல்லாம் இவருதான். நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல. நாலு நாள் உக்காந்து எண்ணிப் பாத்துத்தான் கறுப்புன்னு முடிவு பண்ணாரு" என்று மனைவி நோட்டை எடுத்து நீட்டினாள்.

கையெழுத்து என்னுடையதுதான்.