கொட்டகலை இறக்கத்துக்கு ஏற்ற டயர்

இந்த மலைநாட்டில் கைப்பிடி அண்ணனின் உள்ளங்கைக்குத் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. டிக்கோயாவுக்குப் பக்கத்தில் நான் கிளாக்கராக இருந்த தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவது அவர் பொறுப்பு. ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடிப்பார், பிறகு விடுவார். உருண்டை படக்கென்று விரிந்தால் இன்னும் பச்சை. சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக விரிந்தால் பதம். சுவரில் ஈரம் காட்டும் மானிகள் தொங்கும். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா அவற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் பேக்கரியில் பாண் ரொட்டியைப் பிடித்துப் பார்ப்பார், துணிக்கடையில் சேலையைக் கசக்கிப் பார்ப்பார். மைத்துனியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு, “பையன் இன்னும் வாடலைங்க, ஆறு மாசம் போகட்டும்” என்று சபையில் சொல்லிவிட்டார். கல்யாணம் ஆறு மாதம் தள்ளித்தான் நடந்தது. வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர் இவரைத் தூரத்தில் கண்டதுமே கும்பிடு போட்டுக் கையைக் காப்பாற்றிக்கொண்டார்.

பெட்ரோலுக்கு எல்லோரும் வரிசையில் நின்ற வருடம், வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப் போன ரேஸ் சைக்கிள் இவர் கைக்கு வந்தது. நாற்பத்தாறு வயதில் அந்தப் பைத்தியம் பிடித்தது. தினமும் வேலைக்கு முன் கொட்டகலை வரை போய்த் திரும்புவார். அடுத்த வருடம் கொழும்பு கிளப் ஒன்று ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிள் போட்டி வைத்தது. எங்கள் தோட்டத்து ஆள் யாரும் அதுவரை முதுகில் நம்பர் குத்திக்கொண்டு எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை. அந்த நம்பர் அண்ணனுக்கு வேண்டும். தூக்கத்தில்கூட அதையே பேசுகிறார் என்று பார்வதி அக்கா, அவருடைய மனைவி, என்னிடம் சொன்னார். கிளப்காரர்களும் தோட்டத்து ஆள் ஒருவர் விளம்பரப் படத்தில் இருந்தால் நல்லது என்று நம்பர், பனியன், ஒரு சோடி டயர் எல்லாம் கொடுத்தார்கள்.

வினை டயரில் வந்தது. ஒல்லி டயர், எடையே இல்லை, காற்றடித்தால் கல். அண்ணன் அதை மாட்டுவதற்கு முன் சுருட்டிக் கசக்கி என் மேசை மேல் விட்டார். அது படக்கென்று எழுந்து மைப்போத்தலைத் தட்டிவிட்டது. “பச்ச” என்றார்.

மறுநாள் ஹட்டன் கடைவீதியில் சைக்கிள் கடை முதலாளி அத்தனை டயரையும் இறக்கிப் போட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கசக்கினார்.

“அண்ணே, இது டயருங்க. கொழுந்து இல்ல.”

“ரெண்டும் இந்த மழையிலதானே மொதலாளி நனையப் போவுது.”

கடைசியில் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு சோடி வந்தது. கொஞ்சம் அகலம், மெத்தென்ற ரப்பர். பிடித்து விட்டதும் அவசரமில்லாமல் விரிந்தது. அண்ணன் சிரித்தார்.

“ரேஸுக்கு இதப் போட்டா சிரிப்பாங்கண்ணே.”

“சிரிக்கட்டும். எனக்கு வளைவுல நிக்கணும்.”

போட்டியன்று காலை ஹட்டனில் கிளப் மேனேஜர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். “அண்ணன், நாங்க தந்த டயர் எங்க? உலகத்துல வேகமா ஓடுறவங்க எல்லாரும் அதத்தான் போடுறாங்க.”

“அவங்க மழைக்கு கொட்டகல எறக்கத்துல ஓடியிருக்காங்களா சார்?”

“அந்த டயர் இல்லாட்டி நம்பரும் இல்ல. படம் எடுக்க ஆள் வந்திருக்கு.”

அண்ணன் முதுகுப் பக்கம் கைவிட்டு நம்பரைத் தொட்டுப் பார்த்தார். விட்டுக் கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். அப்படி விட்டுக் கொடுத்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் பனியனை நம்பரோடு கழற்றி மடித்துக் கொடுத்தார்.

“நம்பர் ஒங்களோடது சார், வச்சிக்கிங்க. ரோடு எங்க ஆளுங்க வெட்டுனது. நான் போறேன்.”

குளிருக்குப் பார்வதி அக்கா தன் ஊதா நிற ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். “நம்பரு இல்லாம போனா யாருக்குங்க தெரியும்?”

“ஒனக்குத் தெரியும்ல.”

நாற்பது பேர் கிளம்பிய பிறகு, நாற்பத்தோராவதாக, பொத்தான் வைத்த பெண்கள் ஸ்வெட்டரில் அவர் கிளம்பினார். நானும் அக்காவும் முச்சக்கர வண்டியில் பின்னால் போனோம். கொட்டகலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தலவாக்கலைக்கு இறங்கும் வளைவுகளில் உலகத்தரமான டயர்கள் ஒவ்வொன்றாக வழுக்க ஆரம்பித்தன. ஒருவர் சாக்கடையில் உட்கார்ந்திருந்தார். இருவர் தேயிலைச் செடிக்குள் நின்று சைக்கிளைத் தேடினார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை, மானத்தைத் தவிர. ஊதா ஸ்வெட்டர் மட்டும் சாய்ந்து சாய்ந்து, ஒரு வளைவிலும் காலை ஊன்றாமல் இறங்கிப் போனது. அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் மூன்று நாள் வலி.

நானுஓயா ஏற்றத்தில் இளவட்டங்கள் சிலர் அவரை முந்தினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் நுவரெலியாவில் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது நான் எண்ணினேன், அக்காவும் எண்ணினார். ஒன்பதாவது. மேனேஜர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிப் பூக்களை ரசித்தார்.

முடிவுப் பட்டியல் வந்தபோது ஒன்பதாவது இடத்தில் வேறு பெயர் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“நம்பர் வாங்குனவங்க லிஸ்ட்டுதானே கிளாக்கரையா, சரியாத்தான் போட்டிருக்காங்க” என்றார். மாடிக்குப் போய்விட்டார்.

அவருக்கு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. எனக்கென்று இப்போது இந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் நான் போடும் பட்டியல்தான் பட்டியல்: அன்று ஒன்பதாவதாக வந்தவர் எங்கள் கைப்பிடி அண்ணன். மறுப்பவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். நான் மாற்றப் போவதில்லை.