சாம்பசிவனார் படகசைத்த படலம்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயிலை முப்பதாண்டு ஓட்டி, ஒரு நாளும் தடம் புரளாத தகைமையாளரும், இரும்புலியூர் இரண்டாம் குறுக்குத் தெருவின் ஏக சக்கரவர்த்தியும், ஓய்வு பெற்ற கையோடு முட்டுக்காட்டு உப்பங்கழியில் பழைய பாய்மரப் படகொன்றை வாங்கி நிறுத்திய தீரரும், நீச்சல் மட்டும் அறியாதவருமாகிய சாம்பசிவனார் வாழ்க! அவர் திருக்கரத்தில் மின்னும் ஸ்பானர் வாழ்க! அவர் பெருமையைச் சொல்லப் புகுந்த நமக்கு நாக்கு குழறாமலும், டீசல் வாடையில் தலை சுற்றாமலும் இருக்க, இன்றைக்கு எந்தத் தெய்வத்துக்கு வேலை குறைவோ அந்தத் தெய்வம் துணை நிற்க.

பாய்மரப் படகென்று பேர்தானே ஒழிய, அதற்குப் பாய் கிடையாது. இருந்த ஒற்றைப் பாயும் இரும்புலியூர் மொட்டை மாடியில் கூழ்வடகம் உலர்த்தும் உத்தியோகத்தில் அமர்ந்து, அதிலேயே நிரந்தரமும் ஆகிவிட்டது. ஆகவே படகின் அடிவயிற்றில், பலகைகளுக்குக் கீழே கும்பகர்ணத் துயில் கொண்டிருந்த டீசல் எஞ்சினே கதி. எஞ்சினுக்குப் பின்னே கியர் பெட்டி, கியர் பெட்டிக்குப் பின்னே நீண்ட இரும்புத் தண்டு, தண்டின் முனையில் தண்ணீருக்குள் சுழலும் விசிறி என அணிவகுத்த அந்த நால்வகைச் சேனை, வாங்கிய நாள் முதல் வேலைநிறுத்தம் செய்துவந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தர்மபத்தினி அபிதகுஜாம்பாள், காணும் பொங்கலன்று சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக எழுந்தருளித் தெருவுக்கே கேட்கும்படி ஓர் ஆணை பிறப்பித்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அந்தப் படகு நின்ற இடத்தை விட்டு நகர வேண்டும்; நகராவிட்டால் திங்கட்கிழமை காலை பழைய இரும்புக் கடை கலீல் பாய் லாரியோடு வருவார், எடைக்கு எடை கொண்டுபோவார். கேட்ட சாம்பசிவனாரின் சிந்தை கலங்கிற்று. கலங்காதா பின்னே? முப்பதாண்டு தண்டவாளம் போன வழியே போன மனிதர் அவர். ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஆயுளைக் கழித்தவருக்கு, சாவதற்குள் ஒரு முறையாவது தாம் நினைத்த பக்கம் திரும்ப வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசைக்காகத்தான் படகே வாங்கினார்.

ஞாயிறு விடிந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் லாரி எஞ்சின்களுக்கு மறுபிறவி அளிக்கும் வைத்திய சிகாமணி கரீம் துணைவர, அம்மையார் குடையும் புளிசாதத் தூக்குமாகப் பின்தொடர, சாம்பசிவனார் போர்க்களம் புகுந்தார். ஆண்கள் இருவரும் கோவளம் போய் டீசல் வாங்கி வந்தார்கள். குழாயில் அடைத்துக்கொண்டிருந்த காற்றை, நட்டைத் தளர்த்திக் குமிழ் குமிழாய்க் கரீம் வெளியேற்ற, எஞ்சின் இருமிற்று, செருமிற்று, பின் எழுபது யானை ஒருசேரப் பிளிறினாற்போல் முழங்கிற்று. கழியில் மீனுக்குத் தவமிருந்த கொக்குகள் தவம் கலைந்து கேளம்பாக்கம் நோக்கிப் பறந்தன. சாம்பசிவனார் கியர் தடியைத் தள்ளினார். முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். படகு ஆட்டுக்கல்லாய் நின்றது.

விசிறி கழன்று விழுந்திருக்கும் என்று முழங்கினார் கரீம். லுங்கியை மடித்துக் கட்டித் தண்ணீரில் மூழ்கினார். விசிறி தன் இடத்தில் இருந்தது, வலையோ கயிறோ சுற்றவுமில்லை. அப்படியானால் தண்டு முறிந்திருக்கும் என்று முழங்கினார். எஞ்சினை நிறுத்தி உள்ளே தண்டைக் கையால் சுழற்ற, வெளியே விசிறியும் சேர்ந்து சுழன்று அந்த வாதத்தையும் முறித்தது. இனி ஒரே சோதனை. கியர் தடியைப் பின்பக்கம் தள்ளிவிட்டுத் தண்டைச் சுழற்றிப் பார்த்தார். மலைபோல் இறுகியிருக்க வேண்டிய தண்டு, சப்பாத்திக் குழவிபோல் உருண்டது. கியர் விழவே இல்லை. கரீம் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"கியர் பாக்ஸ் காலி சார். இன்னா பண்ணாலும் நவுராது. கலீல் பாயாண்ட சொல்லிடலாம்."

வேரற்ற மரமாய்ச் சாய்ந்தார் சாம்பசிவனார். பலகை மீது குப்புற விழுந்தார். கரையில் இருந்த அம்மையாரோ, வெற்றிப் புன்னகை பூப்பதற்குப் பதிலாகக் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, வேறு வழியே இல்லையா, இன்னொரு தடவை பாருங்களேன் என்று கரீமைக் கெஞ்சத் தொடங்கினாள். இது என்ன புதுமை என்று வியக்கவும் திராணியின்றிக் கிடந்த சாம்பசிவனாரின் நாசியை, டீசலும் ஆயிலும் சேறும் கலந்த அந்தப் பாழ்நாற்றத்தினூடே ஒரு நறுமணம் தீண்டிற்று. எலுமிச்சை மணம்.

அவர் கியர் பெட்டியின் பக்கம் கையை விட்டுத் துழாவினார். தடியிலிருந்து வரும் கேபிள், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறிய இரும்புக் கையை அசைத்துத்தான் கியரை மாற்ற வேண்டும். அந்தக் கை அசையும் இடுக்கில், குங்குமம் இட்ட எலுமிச்சம்பழம் ஒன்று வசமாகச் சிக்கி, அதை அப்படியும் இப்படியும் போகவொட்டாமல் மறித்துக்கொண்டிருந்தது. மேலே தடி ஆடியதெல்லாம் கேபிள் வளைந்து கொடுத்த வெறும் ஆட்டம். நசுங்கிய பழத்தை வெளியே எடுத்து வெயிலில் பிடித்தார்.

அபிதகுஜாம்பாள் தலை குனிந்தாள். "நீங்க டீசல் வாங்கப் போனப்ப வெச்சேன். முதல்ல கிளம்பற வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில பழம் வைக்காம எப்படி? இதுக்குச் சக்கரம் எதுன்னு தெரியல. அசையற மாதிரி இருந்த இடத்துல வெச்சேன்."

கேட்டீர்களா ஐயா! ஊரறிய இரும்புக் கடைக்குத் தேதி குறித்தவள், ஊரறியாமல் அதே படகு ஓட வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். படகு வாங்கிய நாளில்கூட வராத ஆனந்தம் சாம்பசிவனாருக்கு அந்தக் கணத்தில் வந்தது. பழத்தை வேட்டியில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கியர் பெட்டிக்கு மரண சாசனம் எழுதிய கரீம் கடலைப் பார்த்தபடி, "பழத்து மேல ஒரு தப்பும் இல்லக்கா" என்றார்.

அம்மையார் படகேறினாள். கயிறு அவிழ்ந்தது. இடப்பக்கம் திரும்பப் போவதாகத் திசையெட்டும் அதிரப் பிரகடனம் செய்து, சுக்கானைப் பற்றி, எஞ்சினை முடுக்கினார் எம் வீரர். அந்தோ, கடைசிச் சோதனையில் பின்பக்கம் தள்ளிய தடியை நடுவுக்குக் கொண்டுவர ஒருவருக்கும் நினைவில்லை. நீர் கொந்தளிக்க, நுரை சிதற, அந்தப் பாயில்லாப் பாய்மரப் பெருங்கலம் வெறிகொண்டு பின்வாங்கி, தண்டவாளம் ஏதுமற்ற அகன்ற நீர்ப்பரப்பில் மாபெரும் அரைவட்டம் அடித்து, எதிர்க்கரைச் சேற்றில் ஏறி அமர்ந்து எஞ்சினும் அவிந்து நின்றது.

அபிதகுஜாம்பாள் புடவையிலிருந்த சேற்றைத் தட்டினாள்.

"நகர்ந்துடுச்சு இல்ல? கலீல் பாயை வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

மூன்று பேரும் இறங்கி, சேற்றில் நடந்து ரோட்டுக்கு வந்து, பஸ்ஸுக்கு நின்றார்கள்.