மூன்றாவது தோட்டாவுக்குச் சந்தனம்

ஒரு காட்டில் சிங்கத்துக்குத் தொண்டை போய்விட்டது. கஷாயம், லேகியம், தேன் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். கர்ஜனை திரும்பவில்லை. ராஜா கர்ஜிக்காத காட்டுக்குள் வேட்டைக்காரன் செருப்புப் போட்டுக்கொண்டே நுழைவான். அதனால் கர்ஜனைக்குப் பதிலாகப் பன்னிரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கி, எல்லையில் இருந்த பன்னிரண்டு சோதனைச்சாவடிகளுக்கும் ஒவ்வொன்று கொடுப்பதென்று முடிவானது.

கைத்துப்பாக்கிக்கு வயிறு அதன் கைப்பிடிக்குள் இருக்கிறது. ஏழு தோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் செருகும் சின்னத் தகரப் பெட்டி; மேகசின் என்பார்கள். அதன் அடியில் ஒரு ஸ்பிரிங். ஒரு தோட்டா வெடித்ததும் அந்த ஸ்பிரிங் அடுத்ததை மேலே தள்ள வேண்டும். தள்ளினால் அது துப்பாக்கி. தள்ளாவிட்டால் அம்மிக் குழவி.

துப்பாக்கிகளோடு ஒரே ஒரு மேகசின்தான் வந்து சேர்ந்தது. தளவாட அதிகாரியான கடமான் அதை எடுத்து, கைப்பிடிக்கு வெளியே நிற்கும் அதன் அடித்தகட்டில் 'அங்கீகரிக்கப்பட்ட மாதிரி' என்று சீட்டு ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார். அவருடைய கொம்பில் கிளைக்கு ஒரு கோப்பு தொங்கும். அவர் தலையாட்டினால் எந்தக் கோப்புக்குச் சம்மதம் என்று கண்டுபிடிக்கவே ஒரு குமாஸ்தா இருந்தது.

மாதிரியைப் பார்த்துப் பன்னிரண்டு மேகசின் செய்து தரும் ஒப்பந்தம் உடும்புக்குப் போனது. சரக்கு வந்த அன்று உடும்பே ஒன்றை எடுத்துக் கைப்பிடிக்குள் தள்ளிக் காட்டியது.

"உள்ள போச்சா?" என்று கேட்டார் கடமான்.

"போச்சுங்கய்யா."

"க்ளிக்னு கேட்டுச்சா?"

"காது குளிரக் கேட்டுச்சுங்க."

"அப்பப் பொருந்துது. எங்க கையெழுத்து?"

ஆயுதக் கிடங்கின் மெக்கானிக்கான கீரி தவசி தலையைச் சொறிந்தான். "ஒரு தடவை சுட்டுப் பாத்துரலாமேய்யா?"

"ராஜா தூங்குறாரு. சத்தம் போடாத" என்றார் கடமான். ராஜா விழித்திருந்தாலும் சத்தம் போட முடியாது என்பது வேறு விஷயம்.

ஆற்றங்கரைச் சாவடியின் காவலர் அங்காயி என்கிற கரடி. கணவன் ஒரு தேன்கூட்டைத் தேடிப் போனவன், அப்படியே போய்விட்டான். இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் அவள் டியூட்டி பார்த்தாள். காவலருக்கு ஒரு குகை உண்டு. ஒழுகாத குகை. அந்தக் காட்டில் ஒழுகாத குகை கிடைப்பதும் ஒன்று, சிங்கத்தின் தொண்டை திறப்பதும் ஒன்று.

முதல் வாரமே வேட்டைக்காரன் ஒருவன் வந்தான். அங்காயி சுட்டாள். இரண்டு வெடித்தது. மூன்றாவது 'ணிக்' என்று மூக்கைக் கவிழ்த்துச் சிக்கிக்கொண்டது. அவள் துப்பாக்கியை அவன் மண்டைமேலேயே வீசிக் காட்டைக் காப்பாற்றினாள். பிறகு புகார் எழுதினாள்.

நாற்பது நாளில் பதில் வந்தது. 'மேகசின் பொருந்துவதாகத் தளவாட அதிகாரி தலைமையிலான குழு சான்றளித்துள்ளது. எனவே கோளாறு காவலரின் மணிக்கட்டில் உள்ளது. வருடாந்தரச் சுடுபயிற்சியில் ஏழு பூசணிக்காய்களையும் சுடத் தவறினால் பணியையும் குகையையும் காலி செய்யவும்.'

அவள் கடிதத்தோடு தவசியிடம் வந்தாள்.

"மணிக்கட்டாம்ல அண்ணே?"

"பிடி தளந்து போனா துப்பாக்கி சிக்கும், அது நெசந்தான். எங்க, கையக் காட்டு தாயி."

காட்டினாள். கல்லாகிப்போன கறையான் புற்றை ஒரே இழுப்பில் பெயர்க்கிற கை அது. தவசி இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"ஒன் கையில ஒண்ணும் இல்ல. இந்தப் பெட்டி ஒரு நூல் தாழ்ந்து உக்காருது. நெறைய இருக்கறப்ப ஸ்பிரிங் முறுக்கமா தள்ளும். ரெண்டு போனதும் அதுக்குச் சோம்பல் வந்துரும். மூணாவது எந்திரிக்கிறதுக்குள்ள மேல இருக்கற இரும்பு வந்து அமுக்கிரும். உள்ள போறது வேற தாயி, ஒத்துப்போறது வேற."

"ஒத்துப்போறது ஒண்ணுகூட இல்லையா?"

தவசி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். காட்டிலேயே ஒழுங்காக வேலை செய்யும் ஒரே மேகசின் அங்கே உட்கார்ந்திருந்தது, யாரும் பயன்படுத்தக் கூடாது என்ற உத்தரவோடு.

அந்தப் பெட்டி வருடத்தில் ஒரு நாள் திறக்கும். ஆயுத பூஜைக்கு.

அன்று பன்னிரண்டு சாவடிக் காவலர்களும் தங்கள் துப்பாக்கியையும் மேகசினையும் வாழை இலைமேல் வரிசையாக வைத்தார்கள். கடமான் தன் கையாலேயே முத்திரையை உடைத்து மாதிரியை நடுவில் வைத்தார். பொட்டு வைப்பது தவசியின் வேலை.

"என்னப்பா, சந்தனத்த இந்த அப்பு அப்புற?" என்றார் கடமான்.

"வருசத்துக்கு ஒரு தடவதானங்கய்யா. தாராளமா இருக்கட்டும்."

கற்பூரம் ஏற்றினார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தபோது அங்காயியின் மேகசின் மாதிரியின் இடத்தில் இருந்தது. மாதிரி அங்காயியின் இலையில் இருந்தது. இரண்டின் அடித்தகட்டிலும் அரை விரல் கனத்துக்குச் சந்தனம். பொரிகடலை கொடுத்தார்கள். கடமான் புது அரக்கு வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.

பத்தாம் நாள் சுடுபயிற்சி. மழை இருட்டிக்கொண்டு நின்றது. பதினொரு காவலர்கள் சுட்டார்கள். டுமீல், டுமீல், ணிக். டுமீல், டுமீல், ணிக். கடைசியில் அங்காயி வந்தாள். மேகசினை வீட்டிலேயே நன்றாகத் துடைத்திருந்தாள். குட்டிகள் முதுகில் காதைப் பொத்திக்கொண்டன. ஏழு முறை டுமீல். ஏழு பூசணிக்காயும் சிதறியது. இப்படியொரு சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று மரங்கள்கூட நிமிர்ந்து பார்த்தன.

கடமானுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தீங்களா? ஒடும்போட சரக்குல குத்தமே இல்ல. ஒங்க பதினோரு பேருக்கும்தான் மணிக்கட்டு சரியில்ல. நாளைக்கே குகையக் காலி பண்ணுங்க."

உடும்பு அடக்கமாகச் சிரித்தது. இப்படி ஒரு கணக்கு வரும் என்று தவசி நினைக்கவில்லை.

வடக்குச் சாவடி முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தது. "அதெப்படிங்கய்யா, பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி மூணாவதுல வலிக்கும்? அந்தப் பெட்டிக்குள்ள இருக்கற மாதிரிய எடுங்க. இங்கயே சுட்டுப் பாத்துருவோம்!"

"எடுங்க, எடுங்க" என்றன மற்றப் பத்தும்.

அங்காயி தவசியைப் பார்த்தாள். தவசி தரையைப் பார்த்தான்.

பெட்டியைத் திறந்தார்கள். காய்ந்த சந்தனத்தோடு மாதிரியை முள்ளம்பன்றியின் துப்பாக்கியில் செருகினார்கள். க்ளிக். டுமீல். டுமீல்.

ணிக்.

கடமான் யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கொம்பில் கோப்புகள் ஆடின.

"மாதிரி தப்பாகாது" என்றார் கடைசியில். "தப்பானா அதுக்கு மாதிரின்னு பேரே இல்ல. ஆக, இந்தத் துப்பாக்கி மூணாவதுல நிக்கணும்ங்கறதுதான் விதி. இந்தப் பதினோரு பேரும் விதிப்படி நின்னுருக்காங்க."

பதினொருவரும் கைதட்டினார்கள். குகை போகவில்லையே.

"ஏம்மா அங்காயி, ஒனக்கு மட்டும் ஏம்மா நிக்கல?"

அவள் என்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் முத்திரை வைத்த பொருளைத் திருடியதாகும். மறுநாளே கடிதம் வந்தது. 'தங்கள் ஆயுதம் மாதிரிக்கு மாறாக ஏழு தோட்டாக்களையும் சுடுவதாகத் தெரியவருகிறது. மூன்று நாளில் இக்கோளாறைச் சரிசெய்து மறுபரிசோதனைக்கு வரவும். தவறினால் குகையைக் காலி செய்யவும்.'

மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோய்க் கிடங்குக்கு வந்து மேகசினைத் தவசியின் முன்னால் வைத்தாள்.

"இதக் கெடுத்துக் குடு அண்ணே."

தவசி அதைக் கையில் எடுத்தான். ஸ்பிரிங்கை விரலால் அமுக்கினான். அது வெடுக்கென்று திருப்பித் தள்ளியது. பதினெட்டு வருடமாகக் கிடங்கில் உட்கார்ந்து மொக்கைக் கத்தியையும் துருப்பிடித்த பூட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். சரியாகச் செய்யப்பட்ட ஒரு பொருளை நிதானமாகத் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வேட்டைக்காரன் வந்தா என்ன தாயி செய்வ?"

"போன தடவ மாதிரி மண்டையில வீசுறேன். எனக்குத்தான் மணிக்கட்டு நல்லாருக்கே." குட்டிகளில் ஒன்று தும்மியது. "வெட்டு அண்ணே. புள்ளைங்க நனையுதுங்க."

அவன் குறடை எடுத்து ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டினான். வெட்டியது துள்ளி எங்கேயோ இருட்டுக்குள் விழுந்தது. தேடவில்லை.

மூன்றாம் நாள் மறுபரிசோதனை. பூசணிக்காய் இரண்டே இரண்டு கட்டியிருந்தார்கள். மிச்சம் ஐந்தைக் குழு சாம்பாருக்குக் கொண்டுபோய்விட்டது. டுமீல். டுமீல். ணிக்.

"அருமை!" என்றார் கடமான். அங்காயிக்குக் குகை நிலைத்தது. கூடவே, 'மணிக்கட்டு பூரண குணமடைந்தது' என்று ஒரு சான்றிதழும் கிடைத்தது. அவள் அதைக் குகை வாசலில் மாட்டிவைத்தாள். குட்டிகள் உள்ளே காய்ந்த சருகில் தூங்கின.

அடுத்த வருடம் உடும்பிடமிருந்து இருநூறு புது மேகசின்கள் வந்தன. மாதிரியைப் பார்த்து அச்சு அசலாகச் செய்தவை. ஒவ்வொன்றின் அடித்தகட்டிலும் அரை விரல் கனத்துக்கு மஞ்சளாக ஒரு கட்டி வார்க்கப்பட்டிருந்தது. எதற்கென்று தவசி கேட்டபோது, "மாதிரில இருக்கே?" என்றது உடும்பு.

அந்தக் காட்டில் இப்போது எந்த மேகசினும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். எல்லாம் மூன்றாவதில் நிற்கும். வேட்டைக்காரர்கள் புதரில் உட்கார்ந்து இரண்டு வரை எண்ணக் கற்றுக்கொண்டார்கள்.

நீதி: ஒரு கோளாறைச் சரிசெய்யக் கிளம்பும் முன், அதற்கு ஏற்கெனவே சந்தனம் வைத்தாகிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்.