சுட்ட கத்திரிக்காயும் நாலு வெள்ளைப் பனியனும்

“கத்திரிக்காயில ஒரு ஓட்டையாச்சும் போடுங்க. இல்லீனா வெடிக்குமுங்க” என்றாள் செல்லாத்தாள்.

“ஓட்டை போட்டா சாறெல்லாம் கரியில சொட்டிப் போகும். அந்தச் சாறுலயே வெந்தாத்தான் ருசி. உனக்கு இதெல்லாம் புரியாது” என்றான் கன்னையன்.

“கத்திரிக்காய் எனக்குப் புரியாதுங்களா? சரீங்க.” அவள் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

புரட்டாசி மாத ஞாயிற்றுக்கிழமை. கறி எடுக்க முடியாது. ஆனால் கன்னையனின் நாக்கு கேட்கவில்லை. போன வாரம் கம்பெனிக்குத் துணி வாங்க வந்த வெள்ளைக்காரருக்கு முதலாளி ஓட்டலில் விருந்து வைத்தார். சாம்பிள் பையைச் சுமந்துகொண்டு கன்னையனும் போயிருந்தான். அங்கே புல்தரையில் ஒருவர் காய்கறிகளைக் கம்பியில் கோத்துக் கரியில் சுட்டுக்கொண்டிருந்தார். கன்னையனுக்கும் ஒரு துண்டு காலிஃபிளவர் கிடைத்தது. கிடைத்தது ஒரு துண்டு. அதைப் பற்றி வீட்டில் பேசியது ஒரு வாரம்.

இன்று சந்தையில் மலிவாகக் கிடைத்த காய்களை எல்லாம் வாங்கி வந்த கையோடு, பக்கத்து வீட்டுக்கும் பொதுவான மொட்டைமாடிக்கு ஏறிவிட்டான். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய சிமெண்டுச் சட்டிதான் அடுப்பு. அதில் இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த கரி. கம்பிக்குச் சைக்கிள் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிகள், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியது.

இதில் சூட்சுமம் இரண்டுதான். ஒன்று, தீ எரியும்போது காயை வைக்கக் கூடாது. தீ தோலைத்தான் கருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். கரி அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, உள்ளே சிவந்து கிடக்கும்போதுதான் வைக்க வேண்டும். இரண்டு, தயிரில் தண்ணீர் இருந்தால் மசாலா வழிந்து கரியை அணைத்துவிடும். அதனால் தயிரைப் பனியன் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, வடிந்த பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்துக் காயில் அப்ப வேண்டும். கன்னையன் இரண்டையும் அச்சுப் பிசகாமல் செய்திருந்தான். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைத்தான் செல்லாத்தாள் சொன்னாள்.

கத்திரிக்காய்க்குள் நீர் சூடாகி ஆவியாகும். ஆவிக்கு வெளியே போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் அதுவே வழி செய்துகொள்ளும்.

டப்!

கன்னையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நாலு வெள்ளைப் பனியனில் இரண்டின் மேல் மஞ்சள் மசாலா பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது.

“ஐயோ, சாம்பிள்!”

அவன் அலறியதற்குக் காரணம் உண்டு. சாம்பிள் தைப்பவனாகவே வருடங்களை ஓட்டிவிட்ட கன்னையனிடம் மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி சொல்லியிருந்தார்: “இந்த நாலு பீஸும் பாஸாச்சுன்னா நீதான் சாம்பிள் மாஸ்டர். இல்லீனா வெளியில இருந்து ஆளைக் கொண்டாந்து உன் தலைமேல உக்கார வெச்சிருவாரு முதலாளி.” கம்பெனித் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் வெள்ளைத் துணி விறைத்து, பழுத்துப் போகும். அதனால் வீட்டில் நல்ல தண்ணீரில் அலசுகிறேன் என்று அவனாகக் கேட்டு வாங்கி வந்து, காலையில் தன் கையாலேயே கொடியில் போட்டிருந்தான்.

“சோப்பு எடு, சோப்பு!”

“அவசரப்படாதீங்க…”

அவன் எங்கே கேட்டான்! பார் சோப்பை எடுத்துப் பொட்டின் மேல் வைத்துத் தேய்த்தான். மஞ்சள் பொட்டு பளிச்சென்று ரத்தச் சிவப்பாக மாறியது.

“செல்லா! துணிக்கு அடிபட்டுருச்சு!”

“அடியும் இல்ல, பிடியும் இல்ல. ஆலாத்திக்கு மஞ்சளோட சுண்ணாம்பு போட்டா செவக்குதுங்கல்ல? சோப்பும் சுண்ணாம்பு மாதிரிதானுங்க. அதுக்குத்தான் அவசரப்படாதீங்கன்னேன்.”

“அப்ப இதுக்கு மாத்து?”

“புளிப்பு பட்டா மறுபடி மஞ்சளாகும். அதுக்காக நீங்க…”

அதற்குள் எலுமிச்சம்பழம் இரண்டாகியிருந்தது. சிவப்பு மறைந்தது உண்மைதான். ஆனால் அவன் பிழிந்து தேய்த்த தேய்ப்பில் மிளகாய் விதை அளவு இருந்த பொட்டுகள் உள்ளங்கை அளவு மஞ்சள் வட்டங்களாகப் பரந்தன. எண்ணெயும் அதோடு சேர்ந்து பரந்தது.

“ரெண்டு பனியன் மஞ்சளா, ரெண்டு வெள்ளையா இருந்தாத்தானே வித்தியாசம் தெரியும்?” என்று யோசித்த கன்னையன், நாலையும் ஒரே வாளியில் போட்டு முக்கி அலசினான். இப்போது வித்தியாசம் தெரியவில்லை. நாலும் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய் வந்தவை போல இருந்தன.

செல்லாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு வாளியை வாங்கினாள். “ஒரு சோலியையும் உருப்படியாப் பண்ண மாட்டீங்களா? எண்ணெய் போக சோப்புப் போட்டு, நல்லா அலசி, ஈரத்தோட வெயில்ல போடோணும். மஞ்சளுக்கு எமன் வெயிலுதானுங்க. நாங்க மஞ்சப் பூசிக் குளிச்ச துணியெல்லாம் எப்படி வெளுக்குதுன்னு நெனச்சீங்க?”

அவளே துவைத்து, கொடியின் மேற்குக் கோடியில், வெயில் நேராக விழும் இடத்தில் நாலையும் போட்டாள். பீஸைக் கம்பெனியில் கொடுக்க நாளைக் காலைவரை நேரம் இருக்கிறது. கன்னையன் மூச்சு விட்டான்.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது.

“கன்னையா! ஊட்டுல இருக்கியாப்பா?” மேனேஜர் ஈஸ்வரமூர்த்தியின் குரல். “வெள்ளைக்காரரு நாளைக்கு ஊருக்குக் கிளம்பறாராம். பீஸை இன்னைக்கே பாக்கோணுமாம்!”

கன்னையன் கொடியைப் பார்த்தான். கனகாம்பரமும் இல்லாமல் எலுமிச்சையும் இல்லாமல் ஒரு நிறத்தில் நாலு பனியன் ஆடிக்கொண்டிருந்தது.

“என்னங்க பண்றது?” என்று கிசுகிசுத்தாள் செல்லாத்தாள்.

“வெயிலுக்கு நேரம் வாங்கிக் குடுக்கிறதுதான். நீ காயை நறுக்கு.”

படியேறி வந்த மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். “என்னய்யா இது, கறி வாசம்? புரட்டாசில?”

“சத்தியமாக் காய்தானுங்க சார். உக்காருங்க, உக்காருங்க.” கொடிக்கு முதுகு காட்டும்படி ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தான் கன்னையன். “பீஸ் இன்னும் கொஞ்சம் ஈரமுங்க. காயறதுக்குள்ள ஒரு துண்டு ருசி பாருங்க.”

காலிஃபிளவர் போனது. “அடடே!” என்றார் மேனேஜர். உருளைக்கிழங்கு போனது. சின்ன வெங்காயம் ஒரு கம்பி முழுக்கப் போனது. கன்னையன் கம்பியைத் திருப்பியபடியே கரியின் சூடு எப்படி வருகிறது, சாம்பல் ஏன் பூக்கிறது, தயிரை ஏன் வடிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு விளக்கத்துக்கும் நடுவில் கொடியைப் பார்த்தான். வெளுக்கிறது. மெதுவாக வெளுக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது.

“சரிப்பா, காஞ்சிருக்கும். எடு” என்று மேனேஜர் எழப் பார்த்தார்.

“இருங்க சார், மெயினான ஐட்டமே இனிமேலதானுங்க!” கன்னையன் கூடைக்குள் கை விட்டான். கூடை காலி. செல்லாத்தாள் கீழே ஓடி, நாளைக் குழம்புக்கு வைத்திருந்த பூசணிக் கீற்றையும் வாழைக்காயையும் கொண்டுவந்தாள். அதுவும் தீர்ந்து வெள்ளரிக்காய் வந்தது.

“வெள்ளரிக்காயையுமா சுடுவாங்க?”

“வெளிநாட்டுல சுடறாங்களாமுங்க” என்றாள் செல்லாத்தாள், கண்ணிமைக்காமல்.

மேகம் விலகியது. வெயில் கொட்டியது. மேனேஜர் ஏப்பம் விட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அவராகவே திரும்பிக் கொடிக்குப் போனார். கன்னையன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கன்னையா!”

“சார்…”

“வெள்ளைன்னா இதுய்யா வெள்ளை!”

கன்னையன் கண்ணைத் திறந்தான். பாலில் நனைத்து எடுத்தது போல நாலும் தொங்கின. மேனேஜர் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். தோளை இழுத்துப் பார்த்தார். கழுத்துப் பட்டையை விரித்து விட்டார். உள்ளே திருப்பி ஓரத் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார்.

“ஒரு சுருக்கம் உண்டா, ஒரு இழை தூக்கல் உண்டா! இதென்னமோ வேற யாரோ தைக்கிற தையலா? கண்ணைக் கட்டி உட்டாலும் தடவிப் பாத்தே சொல்லிருவேன், இது நம்ம கன்னையன் கைன்னு. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். நாளையில இருந்து நீதான் மாஸ்டர்.”

செல்லாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கன்னையன் மேனேஜரைக் கும்பிட்டான். “எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க. அந்தத் தோள் மடிப்புக்கு மட்டும் நான் மூணு தடவை பிரிச்சுத் தைச்சனுங்க சார்” என்றான்.

“தெரியுது, தெரியுது. அந்த உழைப்பு துணியில தெரியுதுய்யா.”

அப்போது பக்கத்து வீட்டு மருதம்மாள், மடித்த வெள்ளைத் துணி அடுக்கு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறி வந்தாள். மேனேஜர் கையில் இருந்த பனியனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“இந்தாங்க செல்லாத்தா, நீங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போனப்பவே உங்க பனியன் நாலும் காஞ்சு கெடந்துச்சு, எடுத்து மடிச்சு வெச்சுட்டு அந்த எடத்துல எங்கூட்டுக்காரரோடதைப் போட்டனுங்க, காதர்பேட்டையில கழிச்ச பீஸுன்னு கூறு போட்டு வித்த பனியனுக்குப் போயி, சாமி, இவ்வளவு மரியாதைங்களா?”